காட்டுத்தீயை அவிக்கும் பருவகாலப் பணியாளர்

நகரங்களில் வாழும் நமக்குத் தீயணைக்கும் வண்டி என்றவுடன் மனக்கண்ணில் தோன்றுவது, மணியடித்துக்கொண்டு தெருவில் விரையும் சிவப்பு வண்டியே. தெருவோரத்து நீர்க்குழாயில் அது தன் குழாயைப் பொருத்திவிட்டால், பிறகு நீருக்குப் பஞ்சமில்லை. அந்தக் குழாயில் நீர் வருமானால் என்று தலைநகரவாசிகள் சிலர் நகைக்கவும் கூடும். ஆனால் தெருவும் இல்லை, நீர்க்குழாயும் இல்லை, அருகில் ஆறோ குளமோ இல்லை. மலைச்சரிவில் காய்ந்த புல்லும் புதரும் பைன் மரங்களும் பற்றி எரிகின்றன. வண்டியில் இருக்கும் நீரோ ஒரு வீட்டின் மாடித் தொட்டியில் அடங்கும் அளவே. இந்நிலையில் தீயை அவிப்பது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை காண்பதையே பிழைப்பாகக் கொண்ட பணியாளர், ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றனர். அவர்களுள் வண்டிப்படை எனத்தக்க ஒரு பிரிவினரைப் பற்றி இங்குக் கூறப் புகுகின்றோம்.

அந்நாட்டு மேற்குப் பகுதியின் தட்பவெப்பத்தை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டில் கோடை முற்றி, இனித் தாங்காது என்று நாம் சோர்ந்திருக்கும் வேளையில் மழைக்காலம் பிறந்து, எரியும் காட்டையும் வாடும் மனிதரையும் ஒருங்கே குளிர்விக்கிறது. கலிபோர்னியாவில் அவ்வாறன்று. அங்கு மழையும் பனியும் குளிர்காலத்துக்கு உரியவை. வசந்தத்தில் தழைத்த புல் ஜூன் மாதத்துக்குள் வைக்கோலாகிவிடும். அதன்பின் அக்டோபர், நவம்பர் வரையில் நல்ல மழையை எதிர்பார்ப்பதற்கில்லை. ஆரிகன், ஐடஹோ, மான்டானா, நெவாடா முதலிய மாநிலங்களிலும் சிறு வேறுபாடுகளுடன் இதே கதைதான். மழையின்றி மின்னல் மட்டும் இறங்கும் ஒரு பிற்பகல் போதும், மலை நெடுகப் பல இடங்களில் தீ மூள. எஞ்சியதை மனிதரின் கவனக்குறைவு பார்த்துக்கொள்கிறது.

ஆண்டில் சில மாதங்களே உச்சத்தில் நிற்கும் இந்த அபாயத்துக்காக ஆண்டு முழுவதும் ஒரு பெரும்படைக்குச் சம்பளம் கொடுக்க எந்த அரசாங்கமும் தயங்கும். ஆகவே, நிரந்தர உத்தியோகஸ்தர் சிலரை வைத்துக்கொண்டு, அவர்களுக்குக் கீழே வேண்டிய ஆட்களைப் பருவத்துக்குப் பருவம் அமர்த்தும் வழக்கம் ஏற்பட்டது. 1905ஆம் ஆண்டில் விவசாய இலாகாவின் கீழ் அமைந்த வன சேவை, ஏறக்குறைய 19 கோடியே 30 இலட்சம் ஏக்கர் நிலத்தைப் பரிபாலித்து வருகிறது. இவ்வாறு ஆள் எடுப்பதில் அதன் பங்கு பெரிது.

ஆளாகச் சேர விரும்புவோர்க்கு முதலில் ஒரு நடைச் சோதனை உண்டு. முதுகில் 45 பவுண்டு சுமையுடன் 3 மைல் தூரத்தை 45 நிமிஷத்துக்குள் நடந்து கடக்கவேண்டும், ஓடக்கூடாது. கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. நம்மில் காலையில் உலாவும் பழக்கமுள்ளவர், ஒரு சிறு அரிசி மூட்டையைச் சுமந்துகொண்டு பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு மைல் வீதம் நடந்து பார்த்தால் உண்மை விளங்கும். பிறகு சில நாள் வகுப்பு: தீ எவ்வாறு பரவும், காற்றும் சரிவும் அதை எவ்வாறு திருப்பும், கருவிகளை எவ்வாறு பிடிப்பது என்பன. ஆயினும், ‘முதல் தீயில் முதல் பாடம்’ என்பதே அங்குள்ள பழையவர்களின் எண்ணம்.

இனி வண்டியைப் பார்ப்போம். காட்டுப் பாதைகளுக்கென அமைந்த பெரிய வகை வண்டி 500 காலன், அதாவது சுமார் 1,900 லிட்டர் நீரைச் சுமக்கும். அந்த நீரின் எடை மட்டுமே ஏறத்தாழ இரண்டு டன். சிறிய வகையோ 150 முதல் 400 காலன் வரை கொள்ளும். ஆனால் பெரியது ஏறமாட்டாத ஒற்றையடிப் பாதையிலும் நுழைந்துவிடும். பெரிய வண்டியின் பம்பு நிமிஷத்துக்கு 150 காலன் வீதம் நீரை வெளியேற்ற வல்லது. அவ்வேகத்தில் திறந்துவிட்டால், தொட்டி மூன்றரை நிமிஷத்துக்குள் வறண்டுபோகும். அடுத்த தொட்டி நீருக்கு மலையிறங்கிப் பத்து மைல் போய்வர நேரலாம். ஆகவே இத்தொழிலில் தேர்ந்தவன் என்று பெயர் எடுப்பவன், நீரை வாரி இறைப்பவன் அல்லன். பாலைவனத்தில் பயணம் செய்பவனைப் போல் கஞ்சத்தனம் பழகியவனே.

தீ உயிர்வாழ மூன்று வேண்டும்: வெப்பம், காற்று, எரிபொருள். காட்டில் காற்றை நிறுத்த யாராலும் இயலாது. நீர் வெப்பத்தைச் சற்று நேரம் தணிக்கும். எரிபொருளை விலக்கினாலன்றித் தீ முடியாது. எனவே வண்டிப்படையினர் நீரால் சுவாலையைத் தாழ்த்திவிட்டு, அது தாழ்ந்திருக்கும் சில நிமிஷங்களுக்குள் கைக்கருவிகளால் புல்லையும் சருகையும் வேரையும் வெட்டி நீக்கி, வெறும் மண் தெரியும்படி ஒரு கோடு இழுக்கின்றனர். நம் வனத்துறையாரும் தீத்தடுப்புக் கோடு என்று இதனையே கூறுவர். வேறுபாடு என்னவெனில், நாம் பெரும்பாலும் தீ வருமுன் வெட்டுகின்றோம், அவர்கள் தீயின் விலாவருகே நின்றுகொண்டு வெட்டுகின்றனர்.

விலா என்று கூறியது காரணத்தோடுதான். தீக்குத் தலை, விலா, வால் என்று உறுப்புகள் வகுத்திருக்கின்றனர். காற்றால் உந்தப்பட்டு முன்னோக்கிப் பாய்வது தலை; அதன் எதிரே சென்று நிற்பவன் அறிவிலி. தீ தொடங்கிய இடமாகிய வாலில், ஒரு சாலையையோ, பாறையையோ, முன்பே எரிந்து கரிந்த நிலத்தையோ பிடிமானமாகக் கொண்டு, அங்கிருந்து விலாவின் ஓரமாகத் தலையை நோக்கி ஏறவேண்டும். பிடிமானம் இன்றித் தொடங்கினால், தீ பின்புறமாகச் சுற்றிக்கொண்டு வந்து பணியாளரை நடுவில் அகப்படுத்திவிடும். எரிந்து கரிந்த நிலத்தைப் ‘கருப்பு’ என்பர். ஒரு கால் கருப்பில் இருக்கட்டும் என்பது அவர்கள் வாய்மொழி. ஏற்கெனவே எரிந்த இடத்தில் மீண்டும் எரிய ஒன்றும் இல்லாமையால், ஆபத்து வேளையில் அதைக்காட்டிலும் நல்ல புகலிடம் கிடையாது.

மேடேறும் சரிவில் வண்டி போகாத இடத்துக்கு நீர் எவ்வாறு போகும்? நூறு நூறு அடி நீளமுள்ள துணிக்குழாய்களை முதுகுப் பைகளில் மடித்து வைத்திருக்கின்றனர். முன்னே ஒருவன் பீச்சுமுனையைப் பிடித்துத் தீயின் ஓரத்தை நனைத்துக்கொண்டே நடக்கிறான். குழாயின் நீளம் தீர்ந்ததும், பின்னால் வருபவன் இடுக்கியால் குழாயை நெரித்து நீரை நிறுத்தி, முனையைக் கழற்றி, அடுத்த நூறடியைக் கோத்து, முனையை மீண்டும் பொருத்தி, இடுக்கியைத் தளர்த்துகிறான். பழகிய படையில் இது முடிவதற்குள் முன்னே நிற்பவன் இரண்டு மூச்சு விட்டிருப்பான். பழகாத படையில் அதற்குள் தீ மீண்டும் தலைதூக்கிவிடும். அகன்ற தாய்க்குழாயிலிருந்து இடையிடையே கிளைகள் பிரித்து, மெல்லிய குழாய்களைப் பின்னால் வருவோர்க்கு விட்டுச்செல்வதும் உண்டு.

இவ்வளவுக்கும் கீழே, பம்பின் அருகே தனியே நிற்கும் ஒருவன் இருக்கிறான். மேலே நடப்பதொன்றும் அவன் கண்ணுக்குத் தெரியாது. காதில் வானொலிப் பெட்டியின் குரல் மட்டும். ஓர் அடி உயரம் ஏறினால் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ அரைப் பவுண்டு அழுத்தம் குறையும் என்பது அவன் கைக்கணக்கு. குழாயின் உட்சுவர் உராய்வு வேறு தின்னும். இருநூறடி உயரத்தில் நிற்பவனுக்கு எவ்வளவு அழுத்தம் அனுப்பவேண்டும் என்பதை மனத்தாலேயே கூட்டிக் கழித்து விசையைத் திருப்புவான். குறைவாக அனுப்பினால் முனையில் நீர் சொட்டும். மிகையாக அனுப்பினால் குழாய் வெடிக்கும். இவற்றினும் கடுமையான பொறுப்பு ஒன்று உண்டு. தொட்டியில் ஒரு பங்கு நீரை, வண்டியையும் ஆட்களையும் காத்துக்கொள்வதற்கென எக்காரணம் கொண்டும் தொடாமல் வைத்திருக்கவேண்டும். மேலே இருந்து இன்னும் சிறிது, இன்னும் சிறிது என்று கெஞ்சும் குரலுக்கு இல்லை என்று கூறும் மனவுறுதியும் அவனுக்கு வேண்டும். வண்டியையும் அவன் எப்போதும் திரும்பிப் போகும் திசை நோக்கியே நிறுத்திவைப்பான்.

கைக்கருவிகளுள் ஒன்றுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஒரு புறம் கோடரியும் மறுபுறம் களைக்கொட்டும் கொண்ட அதற்குப் புலாஸ்கி என்று பெயர். எட் புலாஸ்கி என்பவர் ஐடஹோ மாநிலத்து வாலஸ் ஊரில் வன அதிகாரியாக இருந்தவர். 1910ஆம் ஆண்டு ஆகஸ்டு 20, 21 தேதிகளில் புயற்காற்றோடு எழுந்த தீ ஏறக்குறைய 30 இலட்சம் ஏக்கரை விழுங்கிற்று; மாண்டவர் குறைந்தது 85 பேர், அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தீயணைக்கக் கூலிக்கு வந்தவர். புலாஸ்கி தம் ஆட்களைக் கைவிடப்பட்ட ஒரு சுரங்கத்துக்குள் இட்டுச்சென்று பெரும்பாலோரைக் காப்பாற்றினார்; தாம் கண்ணும் நுரையீரலும் கெட்டு வெளிவந்தார். அக்கருவியை அந்தத் தீக்குப் பின்னர் அவர் சீர்திருத்தி அமைத்தார். இன்றைக்கும் மேற்கு மாநிலங்களின் ஒவ்வொரு வண்டியிலும் அது தொங்குகிறது.

சுவாலை தாழ்ந்து, செய்தியாளர் திரும்பிப் போனபின் தொடங்கும் வேலையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. உண்மையில் பணியாளரின் நாட்களை மிகுதியாக விழுங்குவது அதுவே. கோட்டின் உட்புறத்தில் சாம்பலுக்கு அடியிலும், விழுந்த மரங்களின் வயிற்றிலும், வேர்களின் வழியாக நிலத்துக்குள்ளும் கங்கு நாட்கணக்கில் உறங்கும். ஒரு பிற்பகல் காற்று அதை எழுப்பி, கோட்டுக்கு அப்பால் வீசிவிடப் போதும். ஆகவே படையினர் வரிசையாக நின்று ஓர் ஓரத்திலிருந்து நிலத்தைக் கிளறிக்கொண்டு போகின்றனர். கண்ணை நம்புவதில்லை. கையுறையைக் கழற்றி, புறங்கையை முதலில் சாம்பலுக்கு மேலே காட்டி, சூடு தோன்றாவிட்டால் தொட்டு, பிறகு விரலால் துழாவிப் பார்க்கின்றனர். காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியில் தாய் புறங்கை வைத்துப் பார்ப்பதே நினைவுக்கு வருகிறது. சூடு இருந்தால் தோண்டி, சிறிது நீர் தெளித்து, மண்ணோடு பிசைந்து, மீண்டும் தொட்டுப் பார்க்கவேண்டும். நீரில் சவர்க்காரம் போன்ற ஒரு திரவத்தை நூற்றுக்கு அரைப் பங்கு கலந்தால், அது முத்துமுத்தாக உருண்டோடாமல் கரியினுள் ஊறும். அரைத் தொட்டி நீர் முழுத்தொட்டி வேலை செய்யும். இவ்வேளையில் பகைவர் இருவர். ஒருவர், மேலே சாம்பல் மூடி உள்ளே கனன்றுகொண்டிருக்கும் வேர்க்குழி. மற்றவர், அடி எரிந்துபோய் ஓசையின்றிச் சாயும் பட்டமரம். நெருப்பு ஓய்ந்தபின் மரம் விழுந்து இறந்தவர் பலர்.

இத்தொழிலின் விதிகள் யாவும் இறந்தவர்களிடமிருந்து கற்றவை. 1949ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் தேதி மான்டானாவின் மான் கல்ச் என்னும் பள்ளத்தாக்கில் 13 பேர் தீயில் அகப்பட்டு இறந்தனர். அவ்வாறு 1937 முதல் 1956 வரை உயிர் குடித்த தீக்கள் பலவற்றை ஒரு குழு ஆராய்ந்து, 1957இல் பத்துக் கட்டளைகளை வகுத்தது. வானிலையை அறிந்திரு, தப்பும் வழியை ஆட்கள் அனைவரும் அறியச் செய் என்பன போன்ற எளிய வாக்கியங்களே அவை. 1991இல் பால் கிளீசன் என்னும் அனுபவசாலி அவற்றின் சாரத்தை நான்காகச் சுருக்கினார்: மேட்டில் நின்று பார்க்கும் காவலன், செய்தித் தொடர்பு, தப்பும் வழி, பத்திரமான இடம். இந்நான்கும் அமையாமல் குழாயை அவிழ்க்கக் கூடாது என்று கற்பிக்கின்றனர்.

அப்படியும் உயிர்கள் போகின்றன. 2006ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் தேதி, தென் கலிபோர்னியாவில் ஒருவன் வேண்டுமென்றே வைத்த தீ, பாலைவனத்திலிருந்து வீசும் சான்டா ஆனா என்னும் வறட்காற்றில் மலையேறிற்று. எஸ்பெரான்ஸா தீ என்பது அதன் பெயர். சான் பெர்னார்டினோ வனத்தைச் சேர்ந்த 57ஆம் எண் வண்டிப்படையினர், மலைமேட்டில் இருந்த ஒரு வீட்டைக் காக்க அங்கே வண்டியை நிறுத்தினர். வீட்டில் அப்போது ஆள் இல்லை. வீட்டுக்குக் கீழே இறங்கிய ஓடைப்பள்ளம் காற்றுக்கு நேராக அமைந்து, புகைபோக்கியைப் போல் தீயை மேலே இழுத்துவிட்டது. தலைவர் உள்பட அப்படையின் ஐவரும் உயிர் நீத்தனர். அதன்பின், ஒரு கட்டடத்துக்காக ஓர் ஆளை எவ்வளவு தூரம் ஆபத்தில் நிறுத்தலாம் என்ற கேள்வி அந்நாட்டுத் தீயணைப்போரிடையே ஓயாமல் எழுந்துவருகிறது. வீடு கட்டுவோர் காட்டினுள் மேன்மேலும் புகுந்துவருவதால், அக்கேள்வி எளிதில் ஓயப்போவதுமில்லை.

1977 முதல் ஒவ்வொருவரும் இடுப்பில் ஒரு சிறு பொட்டலத்தைச் சுமப்பது கட்டாயம். அது அலுமினியத் தகடு ஒட்டிய துணிக்கூடாரம். வேறு வழியே இல்லை என்னும் கட்டத்தில் அதை உதறி விரித்து, உள்ளே குப்புறப் படுத்து, முகத்தை மண்ணில் பதித்துக்கொள்ள வேண்டும். வெப்பக்கதிரைத் திருப்பியனுப்புமேயன்றி, நேராக வந்து மோதும் சுவாலையை அது நெடுநேரம் தாங்காது. ஆண்டுதோறும் இதை விரிக்கப் பயிற்சி செய்கின்றனர். விரிக்க நேர்ந்தால் அன்றைய நாளின் முன்பகுதியில் எங்கோ பிழை நேர்ந்துவிட்டது என்று பொருள் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

பெரிய தீ என்றால் ஒரு நாளில் 16 மணி நேரம் வரை வேலை. இரவில் தரையில் உறக்கம். தொடர்ந்து 14 நாள் உழைத்தால் சில நாள் ஓய்வு. சொந்த வட்டாரத்தில் தீ இல்லாதபோது, ஐடஹோவின் பாய்ஸி நகரில் உள்ள தேசியத் தீ மையத்தின் ஏற்பாட்டின்படி ஆயிரம் மைலுக்கு அப்பாலும் அனுப்பப்படுவர். உண்மையில் இப்பணியாளர் தீயை விரும்புகின்றனரோ என்று எண்ணத் தோன்றும். அதற்குக் காரணம் சம்பளக் கணக்கில் இருக்கிறது. அடிப்படைக் கூலி குறைவு. மிகைநேர ஊதியமும் அபாயப்படியும் சேர்ந்தால்தான் குளிர்காலத்தை ஓட்டப் பணம் சேரும். தீயில்லாத ஆண்டு காட்டுக்கு நல்லது. இவர்கள் வீட்டுக்கு அன்று.

இங்கு, மொழிபெயர்ப்பை ஜீவனமாகக் கொண்ட நமக்கு ஒரு விஷயம் விந்தையாகப் பட்டது. நெடுங்காலம் வரை இவர்களுடைய நியமனத் தாளில் தீ என்ற சொல்லே இருந்ததில்லை. வன சேவையில் அப்போது இவர்களுக்கு இருந்த பதவிப் பெயரைத் தமிழாக்கினால் ‘வனவியல் தொழில்நுட்ப உதவியாளர்’ என்றே வரும். அதைப் படிப்பவர், மரக்கன்றுகளை எண்ணிப் பதிவேட்டில் எழுதும் ஒருவரையே நினைப்பார். பதவிப் பெயர் வெறும் சொல்தானே என்று கருதுவோர் அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்திராதவர். பெயரைக் கொண்டே ஊதிய விகிதம் நிர்ணயமாகும். எனவே பெயர் மாறவேண்டும் என்று இவர்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடியதை வீண் பிடிவாதம் என்று நம்மால் தள்ள இயலவில்லை.

பருவகால நியமனத்துக்கு மற்றொரு செல்லப்பெயரும் வழங்கிற்று: ‘1039’. மிகைநேரம் நீங்கலாக, ஓராண்டில் 1,040 மணி நேரத்தை எட்டக்கூடாது என்ற வரம்பிலிருந்து பிறந்த பெயர் அது. பத்துப் பருவம் உழைத்தவரும் பதினோராவது பருவத்துக்கு மீண்டும் மனுப் போடவேண்டியதே. அரசாங்க ஊழியர்க்குரிய மருத்துவக் காப்புறுதியில் சேர இவர்களுக்கு அனுமதி கிடைத்ததே 2012ஆம் ஆண்டில்தான். 2021 ஆகஸ்டில் மணிக்கூலி 15 டாலருக்குக் குறையக்கூடாது என்று நிர்ணயமாயிற்று; அவ்வாண்டு நவம்பரில் இயற்றிய சட்டம் இடைக்கால ஊதிய உயர்வுக்கும் புதிய பதவிப் பிரிவுக்கும் வழிசெய்தது. 2022இல் தீயைப் பெயரில் தாங்கிய பதவிப் பிரிவு பிறந்தது. இடைக்கால உயர்வு இன்று முடியுமோ நாளை முடியுமோ என்று ஒவ்வொரு வரவுசெலவுத் திட்டத்தின்போதும் அஞ்சியிருந்தபின், 2025 மார்ச்சில் ஊதிய விகிதம் நிரந்தரமாக உயர்த்தப்பட்டது. இதற்குள் அனுபவம் மிக்கவர் பலர் வேறு வேலை தேடிப் போய்விட்டனர். அவர்களோடு போனது எது என்பதைப் பம்பருகே நிற்பவனைப் பற்றிக் கூறியதிலிருந்தே வாசகர்கள் ஊகிக்கலாம். அக்கணக்கு எந்தப் புத்தகத்தையும் ஒரு முறை படித்தால் வருவதன்று.

தீக்கள் முன்னைவிடப் பெரிதாவது ஏன் என்று கேட்கலாம். வெப்பம் மிகுந்து பருவம் நீள்வது ஒரு காரணம். மற்றொன்றை அந்நாட்டார் தாமே வருவித்துக்கொண்டனர். 1935இல் வன சேவை, எங்கே தீ தோன்றினும் மறுநாள் காலை பத்து மணிக்குள் அடக்கிவிட வேண்டும் என்று விதித்தது. அதற்கு முன் பழங்குடியினர் அவ்வப்போது சிறுதீ மூட்டிச் சருகைக் குறைத்துவந்த வழக்கமும் தடுக்கப்பட்டிருந்தது. பல பத்தாண்டுகளாக எரியாமல் சேர்ந்த சருகும் புதரும் இன்று ஒருங்கே எரிகின்றன. ஆகையால் இப்போது வண்டிப்படையினர் குளிர்ந்த மாதங்களில் தாமே அளவோடு தீ வைத்துக் காட்டைச் சுத்தம் செய்வதையும் தொழிலாகக் கொண்டிருக்கின்றனர்.

இவ்வளவு தொலைவிலுள்ள செய்தி நமக்கு எதற்கு என்று எண்ணவேண்டாம். தில்லியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் தமிழர் கோடை விடுமுறைக்கு நைனிதாலுக்கோ அல்மோராவுக்கோ செல்லுங்கால், எதிர்மலை புகைமூட்டத்தில் மறைந்திருக்கக் கண்டிருப்பர். அங்குள்ள சீர் பைன் மரங்களின் ஊசியிலைகள் தரையில் மெத்தைபோல் பரவி, பிப்ரவரி நடுவிலிருந்து ஜூன் நடுவரை எளிதில் பற்றிக்கொள்கின்றன. அப்பருவத்துக்கென்று உத்தரகண்ட் வனத்துறையும் அண்டைக் கிராமங்களிலிருந்து தீக்காவலர்களை அமர்த்துகிறது. 500 காலன் நீர் அவர்களுக்கு இல்லை. பசுங்கிளையை ஒடித்து அடித்தும், முட்கரண்டி போன்ற வாரியால் ஊசிகளை விலக்கியுமே பெரும்பாலும் தீயை அடக்குகின்றனர். 2024ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் தேதி, அல்மோரா மாவட்டத்துப் பின்சார் சரணாலயத்தில் தீயணைக்கச் சென்ற எண்மருள் நால்வர் அங்கேயே மாண்டனர். அந்நால்வருள் ஒருவர் தீக்காவலர், மற்றொருவர் தினக்கூலியாள். அடுத்த முறை மலைக்குச் செல்லும்போது, சாலையோரத்தில் கிளையும் கையுமாக, சாம்பல் படிந்த முகத்துடன் நிற்பவரைக் கண்டால், அவர் யார் என்பது நமக்குத் தெரிந்திருக்கும்.

கலிபோர்னியாவில் முதல் நல்ல மழை விழுந்ததும் பருவம் முடிகிறது. குழாய்களைக் கழுவி உலர்த்துகின்றனர். பனியில் உறைந்து பம்பு வெடிக்காதபடி தொட்டியை வடிக்கின்றனர். புலாஸ்கிகளின் விளிம்பை அரத்தால் தீட்டி, பிடிகளுக்கு எண்ணெய் பூசுகின்றனர். தீக்கூடாரப் பொட்டலங்கள் பிரிக்கப்படாமலே அலமாரிக்குத் திரும்புகின்றன. கடைசி நாளன்று மாலை பருவகால ஆட்கள் கையெழுத்திட்டுச் சாவியை ஒப்படைத்துவிட்டு, அடுத்த வசந்தத்துக்கு மனுப் போடும் தேதியைக் கேட்டுக்கொண்டு போகின்றனர்.